மாமா கையில ரெண்டு மாத்திரை போத்தல்: உலக விதிகள் நம்ம வாசல் வரைக்கும் எப்படி வருது

2018 கடைசியில பினாங்குல ஒரு அரசாங்க ஆஸ்பத்திரியோட மருந்து கவுண்ட்டர் முன்னாடி, மாமாவோட ஈரல் நோய்க்கு மருந்து வாங்க, நானும் எங்க மாமாவும் நம்பர் சீட்டோட உக்காந்திருந்தோம், காலையில ஆறரைக்கே பட்டர்வொர்த்துலேர்ந்து பெர்ரி ஏறி வந்தவங்க, மாமாவுக்கு சக்கரை வேற உண்டு, பசியில முகம் வாடிப் போயிருந்துச்சு. நம்பர் வந்ததும் எழுந்து போனாரு. உள்ள இருந்த மலாய்க்கார பொண்ணு ரெண்டு போத்தல எடுத்து வெச்சு, இதுல ஒன்னு அதுல ஒன்னு, தினமும் ஒரே நேரத்துல, ஒரு நாள் கூட விட்டுடாதீங்க, பன்னெண்டு வாரம்னு நிதானமா சொல்லிக் குடுத்துச்சு. மாமா அந்தப் போத்தல திருப்பித் திருப்பிப் பாத்தாரு. அன்னிக்கு நாங்க கட்டுன காசு, ஸ்பெசலிஸ்ட பாக்குறதுக்கு அஞ்சு வெள்ளி, அதாவது அஞ்சு ரிங்கிட், அவ்ளோதான். வெளிய பஸ் ஸ்டாப்புக்கு வந்து நின்னதும் "இதுக்காப்பா நான் பத்து வருசமா காத்துக்கிட்டு இருந்தேன்?"னு கேட்டாரு.

அவருக்கு அன்னிக்கு நான் ஒழுங்கா பதில் சொல்லல. அந்த ரெண்டு போத்தல் அவரு கைக்கு வர்றதுக்கு ஜெனிவாவுல, தோகாவுல, கெய்ரோவுல, நம்ம அரசாங்கம் இருக்குற புத்ராஜெயாவுல என்னென்ன நடக்க வேண்டியிருந்துச்சுன்னு நான் படிச்சுத் தெரிஞ்சுக்கிட்டதே அதுக்கப்புறம்தான். உலக அமைப்புகள் நியாயமா நடக்குதா இல்லயான்னு பேசுனா நம்மள்ல பாதிப் பேருக்கு அது நியூஸ்ல வர்ற கோட்டு போட்டவங்க சமாச்சாரம் மாதிரி தெரியும், ஆனா எங்க குடும்பத்துல அது ஒரு மனுசனோட ஈரல் சமாச்சாரம், அதனால இத மருந்து வழியாவே சொல்லிடுறேன்.

மாமாவுக்கு ஹெப்பாடைட்டிஸ் சி. 1987ல லோரி ஓட்டுறப்போ பெரிய ஆக்சிடன்ட் ஆயி ரத்தம் ஏத்துனாங்க, அதுலதான் வந்திருக்கும்னு டாக்டர் சொன்னாரு. அப்போ ரத்தத்துல இந்தக் கிருமி இருக்கான்னு பாக்குறதுக்கு உலகத்துலயே வழி இல்ல, கிருமியக் கண்டுபிடிச்சதே 1989லதான், அதுக்கப்புறம்தான் டெஸ்ட்டு வந்துச்சு. இருவது வருசம் உடம்புக்குள்ள சத்தமில்லாம இருந்துட்டு ஈரல கொஞ்சங்கொஞ்சமா கெடுத்து வெச்சிருந்துச்சு. கண்டுபிடிச்சப்போ இருந்த வைத்தியம் இன்டர்ஃபெரான் ஊசி, வாரத்துக்கு ஒன்னு, கூடவே மாத்திரை, மாசக்கணக்குல. ஊசி போட்ட அன்னிக்கு ராத்திரி காய்ச்சல்ல நடுங்குவாரு, அத்தை ரெண்டு போர்வைய போட்டு மேல இன்னொன்னையும் போட்டு அமுக்கிப் புடிச்சுக்குவாங்க, முடி கொட்டுச்சு, யாரோடயும் பேசாம சுவத்தையே பாத்துக்கிட்டு இருப்பாரு. அஞ்சு மாசத்துல போதும்டா சாமின்னு நிறுத்திட்டாரு. அந்த வைத்தியம் முழுசா எடுத்தவங்கள்லயே நெறைய பேருக்கு கிருமி போகல.

2013 டிசம்பர்ல அமெரிக்காவுல சோஃபோஸ்புவிர்னு ஒரு மாத்திரைக்கு அனுமதி கிடைச்சுது, கிலியட்னு ஒரு கம்பெனி. இத இன்னொரு மாத்திரையோட சேத்து பன்னெண்டு வாரம் சாப்புட்டா நூத்துக்குத் தொண்ணூறு பேருக்கு மேல கிருமி போயிடுது, போனா போனதுதான். வைத்திய உலகத்துல இது பெரிய சாதனை, அதுல எனக்கு மாத்துக் கருத்தே இல்ல. ஆனா விலை ஒரு மாத்திரை 1,000 டாலர். பன்னெண்டு வாரத்துக்கு 84,000 டாலர், அப்போதைய கணக்குல ஏறக்குறைய மூணு லட்சம் வெள்ளி, பட்டர்வொர்த்துல ஒரு வீட்டு விலை. லிவர்பூல் யுனிவர்சிட்டி ஆளுங்க இத தயாரிக்க உண்மையில என்ன செலவாகும்னு கணக்குப் போட்டுப் பாத்தாங்க, பன்னெண்டு வாரத்துக்கான மருந்துக்கு 68லேர்ந்து 136 டாலருக்குள்ள முடிஞ்சிடும்னு வந்துச்சு.

இந்த எடத்துல ஆராய்ச்சிக்கு செலவு பண்ணது யாரு, அந்தக் காசு திரும்ப வர வேணாமான்னு கேப்பாங்க. கேக்க வேண்டிய கேள்விதான். மருந்து கண்டுபிடிக்கிறது வருசக்கணக்கான வேல, பத்து மருந்து ஆரம்பிச்சா ஒம்போது பாதியிலயே நின்னு போயிடும், அந்தச் செலவ யாராவது ஏத்துக்கிட்டாத்தான் அடுத்த மருந்து வரும். ஆனா இந்த மருந்தோட கதையப் பாருங்க, கிலியட் இதக் கண்டுபிடிக்கல, கண்டுபிடிச்ச ஃபார்மாசெட்ங்கிற சின்னக் கம்பெனிய 2011ல 1,100 கோடி டாலர் குடுத்து வாங்குனாங்க, வாங்குன காச மருந்து வித்த மொத வருசத்துலயே ஏறக்குறைய எடுத்துட்டாங்க. அமெரிக்க செனட்டுல ரெண்டு கட்சி ஆளுங்களும் சேந்து பதினெட்டு மாசம் விசாரிச்சு 2015 டிசம்பர்ல அறிக்கை விட்டாங்க, எத்தனை பேருக்கு கிடைக்கும் கிடைக்காதுன்னு தெரிஞ்சும் எவ்வளவு வருமானம் எடுக்க முடியும்ங்கிறத வெச்சே கம்பெனி விலை போட்டுச்சுன்னு. சொன்னது அமெரிக்கக்காரங்களே.

சரி, ஏழை நாடுகளுக்கு என்ன பண்ணாங்க? 2014 செப்டம்பர்ல கிலியட் இந்தியாவுல இருக்குற ஏழு கம்பெனிகளோட ஒப்பந்தம் போட்டுச்சு, நீங்க செஞ்சு மலிவா வித்துக்கலாம், ஆனா இந்த லிஸ்ட்டுல இருக்குற 91 நாட்டுக்கு மட்டும்னு. இந்தியா உண்டு, இந்தோனேசியா உண்டு, வியட்நாம் உண்டு. மலேசியா இல்ல. தாய்லாந்து இல்ல, பிரேசில் இல்ல, சீனா இல்ல.

எங்கள மாதிரி நாட்டோட நெலம இதுதான். உலக வங்கி கணக்குல மலேசியா மேல்நடுத்தர வருமான நாடு, தலைக்கு வருசம் 12,000 டாலர் பக்கம். தலைக்குன்னா யார் தலைக்கு? பாயான் லெப்பாஸ்ல சிப் ஃபேக்டரி நடத்துறவன் வருமானத்தையும் பிறையில கன்டெய்னர் லோரி ஓட்டுறவன் வருமானத்தையும் கூட்டி வகுத்து வர்ற ஒரு நம்பரு அது. அந்த நம்பர வெச்சுக்கிட்டு ஒரு மேசையில உக்காந்து, இவங்களுக்கு தர்மம் தேவையில்லன்னு கோடு போட்டுடறாங்க. வேல செஞ்ச தோட்டத்த முதலாளிங்க வித்து எங்கள வெளியேத்துனப்போ கையில ஒன்னும் இல்லாம பட்டணத்துக்கு வந்த குடும்பம் எங்களது, எங்க மாமாவ யாரும் பணக்கார நாட்டுக்காரன்னு சொன்னா அவருக்கே நம்ப முடியாது. ஆனா அந்தக் கோட்டுக்கு மேல அவரு நிக்கிறாரு. பணக்கார நாட்டுல இருந்திருந்தா இன்சூரன்ஸ் கட்டும், ரொம்ப ஏழை நாட்டுல இருந்திருந்தா மலிவு மருந்து வந்திருக்கும், நடுவுல இருக்குறதால ரெண்டும் இல்ல. நாட்டுல இந்த நோயோட இருக்குறவங்க நாலு லட்சத்துக்கும் மேலன்னு ஆராய்ச்சிக்காரங்க கணிச்சிருந்தாங்க, அத்தனை பேருக்கும் மூணு லட்சம் வெள்ளின்னு பெருக்கிப் பாருங்க, எந்த சுகாதார அமைச்சு தாங்கும்?

அப்போ ஒரு கேள்வி வருது, ஒரு கம்பெனி ஏன் உலகம் பூரா இப்படி கோடு போட முடியுது? மருந்து ஃபார்முலா தெரிஞ்சவன் யாரு வேணும்னாலும் செய்யலாம்ல?

ஒரு காலத்துல செஞ்சாங்க. பேட்டண்ட்னா, கண்டுபிடிச்சவன் மட்டும்தான் செஞ்சு விக்கலாம்ங்கிற தனி உரிமை. இந்தியா 1970ல போட்ட பேட்டண்ட் சட்டத்துல மருந்துக்குப் பேட்டண்ட் கிடையாது, செய்யிற முறைக்கு மட்டும்தான், அதனால வேற முறையில செஞ்சு மலிவா வித்தாங்க, அப்படித்தான் இந்திய மருந்துக் கம்பெனிகள் வளந்துச்சு, நம்ம கிளினிக்குல இன்னிக்கும் கிடைக்கிற நெறைய மாத்திரைக்கு வேர் அங்கதான். 1995ல உலக வணிக நிறுவனம், டபிள்யூடிஓன்னு சொல்றோமே அது, பொறந்தப்போ கூடவே ட்ரிப்ஸ்னு ஒரு ஒப்பந்தமும் பொறந்துச்சு. ரொம்ப ஏழை நாடுகளத் தவிர உறுப்பு நாடுகள் எல்லாம் புது மருந்துக் கண்டுபிடிப்புக்கு இருவது வருசம் பேட்டண்ட் குடுத்தே ஆகணும். இந்தியாவுக்கு 2005 வரைக்கும் டைம் குடுத்தாங்க. இத வேணாம்னு சொல்லிட்டு டபிள்யூடிஓவுல மட்டும் சேர முடியாது, எல்லாம் ஒரே பொட்டலம். துணி விக்கணும், செம்பனை எண்ணெய் விக்கணும்னா இதுக்கும் கையெழுத்துப் போடணும்.

இங்க ஒரு விசயத்த கவனிக்கணும். ஐநா பாதுகாப்பு மன்றத்துல அஞ்சு நாட்டுக்கு வீட்டோ இருக்குன்னு சின்னப் புள்ளைக்கும் தெரியும். ஐஎம்எஃப்ங்கிற அனைத்துலக நாணய நிதியத்துல அமெரிக்காவுக்கு மட்டும் பதினாறரை சதவீத ஓட்டு, பெரிய முடிவுக்கு 85 சதவீதம் வேணும், அப்போ அவங்க ஒருத்தர் வேணாம்னா முடிஞ்சுது. தலைவரா ஐரோப்பாக்காரர்தான் வருவாரு, உலக வங்கிக்கு அமெரிக்கக்காரர்தான், 1940களிலேர்ந்து அப்படித்தான். இந்த மூணுலயும் ஏத்தத்தாழ்வு விதியிலயே, பழக்கத்துலயே வெளிப்படையா இருக்கு, சண்ட போடுறவங்களுக்கு எத எதுத்து சண்ட போடுறோம்னு தெரியும். டபிள்யூடிஓ அப்படி இல்ல. 166 உறுப்பினர், ஒரு நாட்டுக்கு ஒரு ஓட்டு, அதையும் போடாம எல்லாரும் ஒத்துக்கிட்டாத்தான் முடிவு. பேப்பர்ல பாத்தா இத விட சமத்துவமான எடம் கிடையாது.

நடக்குறது வேற. பெரிய நாடுகளும் ஒரு சில வளரும் நாடுகளும் மட்டும் ஒரு சின்ன ரூம்ல உக்காந்து பேசி முடிப்பாங்க, கிரீன் ரூம்னு அதுக்குப் பேரே இருக்கு. முடிச்சத வெளிய கொண்டாந்து மத்தவங்க முன்னாடி வெப்பாங்க. வெளிய நிக்கிற சின்ன நாட்டுக்கு, டபிள்யூடிஓ இருக்குற ஜெனிவாவுல ஒருத்தரோ ரெண்டு பேரோதான் இருப்பாங்க, சில நாட்டுக்கு ஜெனிவாவுல ஆபீஸே இல்ல, ஒரே நாள்ல நாலு மீட்டிங்கு, நூத்துக்கணக்கான பக்கம், எல்லாம் வக்கீல் பாசை. அமெரிக்காவும் ஐரோப்பாவும் ஒவ்வொரு மீட்டிங்குக்கும் தனித்தனி நிபுணர அனுப்புவாங்க. கையத் தூக்கி வேணாம்னு சொல்றதுக்கு உரிமை உண்டு, ஆனா எதுக்கு வேணாம்ங்கிறோம்னு படிச்சுப் புரிஞ்சுக்க ஆள் வேணும், சொன்னதுக்கப்புறம் பெரிய நாட்டுலேர்ந்து நம்ம தலைநகருக்குப் போன் வரும் அதத் தாங்கணும். எனக்குத் தெரிஞ்ச வரைக்கும் உலக அமைப்புகள்ல இருக்குற அநியாயத்துல முக்கால்வாசி இங்கதான் ஒளிஞ்சிருக்கு. சண்ட வந்தா தீர்க்குறதுக்கு ஒரு அப்பீல் கோர்ட்டு மாதிரி வெச்சிருந்தாங்க, அதுக்கு நீதிபதி போடவிடாம அமெரிக்கா தடுத்துக்கிட்டே வந்து 2019 டிசம்பர்லேர்ந்து அதுவும் வேல செய்யல.

இருந்தாலும் ட்ரிப்ஸ்ல ஒரு கதவு உண்டு. 31வது பிரிவு. மக்களுக்குத் தேவைன்னா அரசாங்கம் பேட்டண்ட்காரன் சம்மதம் இல்லாமலே மலிவு மருந்து செய்யலாம், வாங்கலாம், அவனுக்கு ஒரு நியாயமான தொகை குடுத்தா போதும். கட்டாய உரிமம்னு சொல்வாங்க. அரசாங்க ஆஸ்பத்திரிக்குன்னா முன்கூட்டி பேரம் பேசக்கூட வேணாம். சாமி வரம் குடுத்தாச்சு. பூசாரி குடுக்கணுமே.

தென்னாப்பிரிக்காவுல மண்டேலா ஜனாதிபதியா இருந்தப்போ 1997ல எய்ட்ஸ் மருந்து மலிவா வர்றதுக்கு வழி பண்ணி ஒரு சட்டம் போட்டாங்க. 39 மருந்துக் கம்பெனி சேந்து அந்த அரசாங்கத்த கோர்ட்டுக்கு இழுத்துச்சு. ஜனங்க செத்துக்கிட்டு இருந்தாங்க, வருசத்துக்கு ஒரு ஆளுக்கு 10,000 டாலருக்கு மேல மருந்து விலை. 2001ல மும்பையில இருக்குற சிப்ளா கம்பெனிக்காரர் யூசுஃப் ஹமீத் அதே மூணு மருந்தையும் 350 டாலருக்கு தர்றேன்னு அறிவிச்சாரு, உலகமே அதிர்ந்துச்சு, ஏன்னா அந்த 10,000த்துல எவ்வளவு மருந்து விலை எவ்வளவு பேட்டண்ட் விலைன்னு அன்னிக்குதான் எல்லாருக்கும் தெரிஞ்சுது. ஏப்ரல்ல கம்பெனிகள் வழக்க வாபஸ் வாங்கிட்டாங்க.

அதே 2001 செப்டம்பர், அக்டோபர்ல அமெரிக்காவுல யாரோ தபால்ல ஆந்த்ராக்ஸ் கிருமிய அனுப்புனாங்க, 22 பேருக்கு வந்து அஞ்சு பேரு எறந்தாங்க. அதுக்கு மருந்து சிப்ரோ, பேட்டண்ட் பாயர் கம்பெனியோடது. அமெரிக்க சுகாதார அமைச்சரு விலைய குறைக்கலன்னா பேட்டண்ட மீறி வேற ஆள்கிட்ட வாங்குவோம்னு வெளிப்படையா மிரட்டுனாரு, 1.77 டாலர் மாத்திரை 95 காசுக்கு எறங்குச்சு. அந்த அஞ்சு உசுரும் உசுருதான், அவங்க அரசாங்கம் செஞ்சது சரிதான். அதையேதான் தென்னாப்பிரிக்காவும் லட்சக்கணக்கான உசுருக்காக செஞ்சது. ஊருக்கு ஒரு நியாயம் ஒனக்கு ஒரு நியாயமான்னு அடுத்த மாசம் தோகாவுல டபிள்யூடிஓ மாநாட்டுல வளரும் நாடுகள் கேட்டப்போ பதில் சொல்ல முடியல. 2001 நவம்பர் 14 அன்னிக்கு தோகா பிரகடனம் வந்துச்சு, மக்களோட சுகாதாரத்தக் காப்பாத்துறதுக்கு ட்ரிப்ஸ் குறுக்க நிக்காது, நிக்கவும் கூடாது, கட்டாய உரிமம் எப்போ குடுக்குறதுன்னு அந்தந்த நாடே முடிவு பண்ணிக்கலாம்னு.

அந்தப் பிரகடனத்துல பினாங்கோட கையும் இருக்கு, இத நம்ம ஊருல ரொம்ப பேரு பேசுறதில்ல. பினாங்கு பயனீட்டாளர் சங்கம்னா நமக்கு அஜினமோட்டோ சாப்புடாத, சீனிய குறைங்கிற சங்கம், தமிழ்லயும் பத்திரிகை போட்டு வீடு வீடா கொண்டுபோனவங்க, அத பல காலம் நடத்துன எஸ்.எம். முகமது இத்ரிஸ் இந்தியாவுல பொறந்து இங்க வந்து வளந்த தமிழ் பேசுற மனுசரு, 2019ல காலமானாரு. அவரும் பொருளாதார நிபுணர் மார்ட்டின் கோரும் அவங்களோட ஆளுங்களும் சேந்து 1984ல மூன்றாம் உலக நெட்வொர்க்குனு ஒரு அமைப்ப பினாங்குலயே ஆரம்பிச்சாங்க. இவங்க செஞ்ச வேல என்னன்னா, ஜெனிவாவுல ஒத்தையா நிக்கிற சின்ன நாட்டுப் பிரதிநிதிக்கு அந்த நூத்துக்கணக்கான பக்கத்த படிச்சு, இந்த வரியில இந்த ஆபத்து இருக்கு, இதக் கேளுங்க, இதுக்கு ஒத்துக்காதீங்கன்னு சொல்லிக் குடுக்குறது. நான் மேல சொன்னேன்ல ஆள் பத்தாதுன்னு, அந்தப் பள்ளத்த கொஞ்சமாவது மூட பாத்தவங்க. தோகாவுக்காக உழைச்ச அமைப்புகள்ல அவங்களும் முக்கியமானவங்க.

தோகா வந்தாச்சு, அப்புறம் எல்லாரும் உரிமத்த உபயோகிச்சாங்களான்னா இல்ல. மலேசியா 2003ல எய்ட்ஸ் மருந்துக்கு உபயோகிச்சுது, சிப்ளாகிட்டேர்ந்து ரெண்டு வருசத்துக்கு எறக்குமதி. தாய்லாந்து 2006லயும் 2007லயும் எய்ட்ஸ் மருந்துக்கும் இருதய மருந்துக்கும் குடுத்துச்சு, உடனே அபாட் கம்பெனி தாய்லாந்துல பதிவு பண்ணக் குடுத்திருந்த புது மருந்துகளோட விண்ணப்பத்த எல்லாம் வாபஸ் வாங்கிடுச்சு, அமெரிக்கா அந்த நாட்ட, பேட்டண்ட சரியா மதிக்கலன்னு நாடுகளப் போடுற தன்னோட கண்காணிப்புப் பட்டியல்ல மேல தூக்கி வெச்சுது. கொலம்பியா 2016ல ரத்தப் புத்துநோய் மருந்து ஒன்னுக்கு குடுக்கப் பாத்துச்சு, அப்போ அவங்க நாட்டுல அம்பது வருச உள்நாட்டுப் போர் முடியிற நேரம், சமாதானத்துக்கு அமெரிக்கா தர்றேன்னு சொன்ன காசு பாதிக்கப்படலாம்னு வாசிங்டன்ல சொன்னதா அவங்க தூதரகத்துலேர்ந்து போன கடிதம் வெளிய கசிஞ்சுது. கொலம்பியா உரிமத்த விட்டுட்டு விலைய மட்டும் குறைச்சுது. சொந்தமா மருந்து செய்ய முடியாத நாடு இன்னொரு நாட்டுல செஞ்சு வாங்கலாம்னு 2003ல ஒரு ஏற்பாடும் போட்டாங்க, அதுல இருக்குற சிக்கலுக்கு பயந்து இத்தனை வருசத்துல ஒரே ஒரு தடவ, ருவாண்டா கனடாகிட்ட வாங்குனதோட சரி.

இந்தப் பின்னணியில 2017 செப்டம்பர் 20 அன்னிக்கு சுகாதார அமைச்சர் டாக்டர் எஸ். சுப்ரமணியம், அப்போ ம.இ.கா.ங்கிற மலேசிய இந்தியர் காங்கிரஸ் கட்சிக்குத் தலைவரும் அவருதான், சோஃபோஸ்புவிருக்கு 1983 பேட்டண்ட் சட்டத்தோட 84வது பிரிவுப்படி அரசாங்க உபயோக உரிமைய, அது கட்டாய உரிமத்துல ஒரு வகை, அமைச்சரவை அங்கீகரிச்சுதுன்னு அறிவிச்சாரு. இந்த மருந்துக்கு உலகத்துலயே இத செஞ்ச மொத நாடு நம்ம நாடுதான். அரசியல்ல அவரோட எனக்கு ஒத்துப்போகாத விசயம் நெறைய, ஆனா இந்த ஒரு முடிவுக்காக அவருக்கும் அமைச்சுல ஃபைல் ஃபைலா வேல செஞ்ச டாக்டர்களுக்கும் வருசக்கணக்கா கதவத் தட்டுன நோயாளி அமைப்புகளுக்கும் நான் கையெடுத்துக் கும்புடுவேன்.

அதுக்கு ஒரு மாசம் முன்னாடி, ஆகஸ்டுல, என்ன நடந்துச்சுன்னு பாருங்க. மலேசியா இதச் செய்யப் போகுதுன்னு பேச்சு வந்ததும் கிலியட் திடீர்னு மலேசியா, தாய்லாந்து, உக்ரைன், பெலாரஸ் நாலையும் மலிவு லிஸ்ட்டுல சேத்துக்கிட்டாங்க. மூணு வருசமா பணக்கார நாடா இருந்தவங்க ஒரே மாசத்துல ஏழையாயிட்டோமா? மாமா வருமானம் கூடவும் இல்ல குறையவும் இல்ல. கோடு நகந்துச்சு, நகத்துனது நம்ம கையில இருந்த உரிமம். அரசாங்கம் அதோட நிறுத்தாம உரிமத்தையும் குடுத்தாங்க, அது எனக்குப் பெருமை. மருந்துக் கம்பெனிகளோட சங்கம் அமெரிக்க அரசாங்கத்துகிட்ட போயி மலேசியா மேல நடவடிக்கை எடுக்கணும்னு கேட்டுச்சு, 2018ல நம்ம பேட்டண்ட் கொள்கைய தனியா ஆய்வு பண்ணப் போறோம்னு வாசிங்டன்லேர்ந்து அறிவிப்பும் வந்துச்சு.

கெய்ரோ எங்க வந்துச்சுன்னு கேப்பீங்க. எகிப்துல ஒரு காலத்துல நத்தைக்காய்ச்சல்ங்கிற ஒரு நோய்க்கு ஊர் ஊரா ஊசி போட்டாங்க, ஒரே ஊசிய திரும்பத் திரும்ப போட்டதுல ஹெப்பாடைட்டிஸ் சி ஊர் பூரா பரவிடுச்சு, உலகத்துலயே ரொம்ப மோசமா பாதிச்ச நாடு. சோஃபோஸ்புவிருக்கு அங்க பேட்டண்ட் கிடைக்கல, உள்நாட்டுக் கம்பெனிகளே செஞ்சு லட்சக்கணக்கான ஜனங்களுக்குக் குடுத்தாங்க. அதுல ஃபார்கோன்னு ஒரு கம்பெனி, கவனிக்கப்படாத நோய்களுக்கு மருந்து தேடுற டிஎன்டிஐங்கிற லாப நோக்கமில்லாத அமைப்போட சேந்து, மலேசியாவுக்கும் தாய்லாந்துக்கும் முழு வைத்தியத்த 300 டாலருக்குள்ள தர்றேன்னு 2016ல ஒத்துக்கிட்டாங்க. ராவிடாஸ்விர்னு ஒரு புது மருந்த நம்ம அரசாங்க ஆஸ்பத்திரிகள்லயே சோதிச்சு, நூத்துக்கு 97 பேரு குணமாயி, 2021ல மலேசியாவுல பதிவும் பண்ணாங்க. 2018லேர்ந்து அரசாங்க ஆஸ்பத்திரியில இந்த நோய்க்கு மாத்திரை இலவசம். 84,000 எங்க, 300 எங்க.

மருந்து இந்தப் பக்கம் வர்றதுக்கு இவ்வளவு பாடு, கிருமி அந்தப் பக்கம் போறதுக்கு ஒரு பாடும் இல்ல. 1998லயும் 1999லயும் நெகிரி செம்பிலான் சுங்கை நிப்பா மாதிரி எடங்கள்ல பன்னிப் பண்ணைகள்ல ஜனங்க செத்தாங்களே, நாடு பூரா 105 பேரு, ஜப்பான் மூளைக்காய்ச்சல்னு நெனச்சுக்கிட்டு இருந்தப்போ மலாயா பல்கலைக்கழகத்துல டாக்டர் சுவா காவ் பிங் இது வேற கிருமின்னு கண்டுபிடிச்சு மாதிரிய அமெரிக்காவுக்குக் கொண்டு போனாரு, உலகத்துக்கே தெரிஞ்சுது. அப்படித்தான் செய்யணும், உசுரு சமாச்சாரம். ஆனா இந்தோனேசியா பறவைக் காய்ச்சல் கிருமிய அப்படியே நம்பி அனுப்பிக்கிட்டு இருந்தப்போ, அத வெச்சு ஆஸ்திரேலியாவுல ஒரு கம்பெனி தடுப்பூசி செய்யுதுன்னும் அது தங்களுக்கு வாங்க முடியாத விலையில வரும்னும் தெரிஞ்சு, அவங்க சுகாதார அமைச்சர் சித்தி ஃபாடிலா சுபாரி 2007 வாக்குல இனிமே கிருமி அனுப்ப மாட்டோம்னுட்டாங்க. உலகமே திட்டுச்சு. ஆனா அந்தப் பிடிவாதத்தாலதான் கிருமி குடுக்குற நாட்டுக்கும் மருந்துல பங்குன்னு 2011ல உலக சுகாதார நிறுவனத்துல ஒரு ஏற்பாடு வந்துச்சு.

கோவிட்ல நாம எல்லாருமே பாத்தோம். 2020 அக்டோபர்ல இந்தியாவும் தென்னாப்பிரிக்காவும் இந்தப் பெருந்தொற்று முடியிற வரைக்கும் பேட்டண்ட நிறுத்தி வைங்கன்னு டபிள்யூடிஓவுல கேட்டாங்க, முடிவு வந்தது 2022 ஜூன்ல, அதுவும் தடுப்பூசிக்கு மட்டும், பாதிக் கதவு. நடுவுல 2021 ஜூலை ஆகஸ்டுல சாப்பாட்டுக்கு வழியில்ல உதவி வேணும்னு நம்ம வீடுகள்ல வெள்ளைக் கொடி கட்டுனோம், எத்தனை சாவு வீட்டுக்குப் போக முடியாம வாட்ஸாப்புல பாத்தோம். அந்த வருசம் தென்னாப்பிரிக்கா ஒரு டோஸ் அஸ்ட்ராஸெனகாவுக்கு 5.25 டாலர் குடுத்துச்சு, ஐரோப்பா குடுத்தத விட ரெண்டு மடங்குக்கு மேல. காரணம் கேட்டதுக்கு வந்த பதில், நீங்க மேல்நடுத்தர வருமான நாடு. எங்க மாமா மேல போட்ட அதே கோடு.

அந்தக் கோடு இன்னும் போகல. எச்ஐவி வராம தடுக்க வருசத்துக்கு ரெண்டே ஊசி போதும்ங்கிற லெனாகபாவிர் 2025 ஜூன்ல அமெரிக்காவுல அனுமதி வாங்கிடுச்சு, அதே கிலியட் கம்பெனி, அங்க வருசத்துக்கு 28,000 டாலருக்கு மேல விலை. 120 நாட்டுக்கு மலிவா செய்ய ஒப்பந்தம் போட்டிருக்காங்க, 2027லேர்ந்து வருசத்துக்கு 40 டாலருக்குக் கிடைக்கும்னு அறிவிச்சிருக்காங்க, சந்தோசம்தான். பிரேசில், அர்ஜென்டினா, மெக்சிகோ, பெரு நாலும் லிஸ்ட்டுல இல்ல. அந்த ஊசிய சோதிச்சுப் பாக்குறதுக்கு உடம்பக் குடுத்தவங்கள்ல இந்த நாலு நாட்டு ஜனங்களும் உண்டு. 2025 மே மாசம் உலக சுகாதார நிறுவனத்துல பெருந்தொற்று ஒப்பந்தம் நிறைவேறுச்சு, ஆனா கிருமி குடுக்குற நாட்டுக்கு மருந்துல எவ்வளவு பங்குங்கிற பகுதிய மட்டும் அப்புறம் பேசிக்கலாம்னு தனியா ஒதுக்கி வெச்சுட்டாங்க.

மாமா பன்னெண்டு வாரமும் ஒரு நாள் விடாம சாப்பிட்டாரு, ராத்திரி எட்டு மணி, தமிழ் செய்தி ஆரம்பிக்கிற நேரம், அத்தை ஒரு டம்ளர் சுடுதண்ணியோட நிப்பாங்க. காய்ச்சல் இல்ல, நடுக்கம் இல்ல. முடிச்சு மூணு மாசம் கழிச்சு ரத்தம் எடுத்தாங்க, டாக்டர் கம்ப்யூட்டர திருப்பிக் காட்டி கிருமி இல்லன்னாரு. மாமா அவருகிட்ட, எங்கூட ஊசி போட வந்துக்கிட்டு இருந்தாரே சுங்கை பக்காப்காரரு, அவருக்கும் இந்த மாத்திரை குடுத்துட்டீங்களான்னு கேட்டாரு. அவரு 2016லயே எறந்துட்டாருன்னு நர்ஸ்தான் சொன்னாங்க.